சத்தியமாக இவன்தான்!

நேரில் பார்த்தவர் கைகாட்டுகிறார். அவருக்குப் பகை இல்லை, காசு வாங்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் சிறைக்குப் போனவர் நிரபராதி. இது எப்படி நடக்கிறது?

1987-ம் ஆண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு நீதிமன்றம். ஜூரிகளை வெளியே அனுப்பிவிட்டு ஒரு விசாரணை நடக்கிறது. சாட்சி சொல்ல வந்திருக்கும் ஜெனிஃபர் தாம்சனுக்கு எதிரே பாபி பூல் என்ற சிறைக் கைதியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இவரை இதற்கு முன்பு பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். ஜெனிஃபர் அவரை நன்றாகப் பார்க்கிறார். என் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்கிறார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நள்ளிரவில் அவர் வீட்டுக்குள் புகுந்து, கழுத்தில் கத்தியை வைத்து, வன்புணர்வு செய்தவன் அந்த பாபி பூல்தான்.

அதே அறையில் குற்றம்சாட்டப்பட்டவராக உட்கார்ந்திருந்தவர் ரொனால்ட் காட்டன். அவரைப் பார்த்தபோதுதான் ஜெனிஃபருக்கு உடம்பு பதறியது, வெறுப்பு பொங்கியது. நீதிமன்றம் காட்டனுக்கு இரண்டாவது முறையாக ஆயுள் தண்டனை விதித்தது. டி.என்.ஏ. சோதனை உண்மையைச் சொல்ல இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின.

(பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை நம் நாட்டில் எழுத மாட்டோம். ஜெனிஃபர் தானே முன்வந்து பெயரோடு பேசியவர். 2009-ல் காட்டனோடு சேர்ந்து புத்தகமும் எழுதியவர்.)

மனப்பாடம் செய்த முகம்

ஜெனிஃபர் கவனக்குறைவான சாட்சி என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொல்லப்போனால் அவரைப்போல ஒரு சாட்சி எந்தப் போலீஸுக்கும் கிடைக்க மாட்டார். 1984 ஜூலையில் அது நடந்தபோது அவருக்கு வயது 22, கல்லூரி மாணவி. கத்தி கழுத்தில் இருந்த நேரத்திலும், பரீட்சைக்குப் படிப்பதைப்போல அவன் முகத்தைப் படித்தார். புருவம் எப்படி, மூக்கு எப்படி, வடு ஏதாவது இருக்கிறதா, உயரம் என்ன? உயிரோடு தப்பித்தால் இவனைப் பிடித்துக் கொடுத்தே தீருவது என்ற வைராக்கியம்.

தப்பித்தார். அவர் சொன்ன அடையாளங்களை வைத்துப் படம் தயாரானது. அதைப் பார்த்து யாரோ தந்த துப்பு, பக்கத்தில் ஓட்டலில் வேலை பார்த்த காட்டனிடம் கொண்டுபோய் விட்டது. போலீஸ் ஆறு புகைப்படங்களை ஜெனிஃபர் முன்னால் பரப்பியது. அவர் சட்டென்று எடுத்துவிடவில்லை. நிமிடக்கணக்கில் பார்த்தார், ஒவ்வொன்றாகக் கழித்தார். கடைசியில் கையில் மிஞ்சியது காட்டனின் படம். நன்றாகச் செய்தீர்கள் என்று பாராட்டு கிடைத்தது.

சில நாள் கழித்து ஆட்களையே வரிசையாக நிறுத்தினார்கள். இங்கேயும் அவருக்குத் தயக்கம். நாலாவது ஆளா, ஐந்தாவது ஆளா? ஐந்து என்றார். படத்தில் நீங்கள் காட்டியதும் இவரைத்தான் என்று போலீஸ் தரப்பில் சொன்னார்கள். அவருக்கு அப்பாடா என்றிருந்தது.

கோளாறு எங்கே என்று பாருங்கள். ஆறு படங்களில் இருந்தவர்களில், வரிசையிலும் நின்றவர் காட்டன் ஒருவர்தான். இரண்டாவது முறை அந்த முகம் பழக்கப்பட்டதாகத் தோன்றியதற்கு, அந்த இரவு காரணமா, போலீஸ் நிலையத்தில் பார்த்த படம் காரணமா? அதை ஜெனிஃபராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்து எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே என்கிறோம். அந்த ‘எங்கேயோ’வைத்தான் மூளை தொலைத்துவிடுகிறது. முகத்தைத் தக்கவைக்கும், முகவரியை விட்டுவிடும். விசாரணை அறையில் அந்தக் காலியிடத்தைப் போலீஸின் ஒரு தலையாட்டல் நிரப்பிவிட்டது. நீதிமன்றத்துக்கு வந்தபோது ஜெனிஃபரிடம் தயக்கத்தின் சுவடே இல்லை. ஜூரிகள் பார்த்தது அந்த ஜெனிஃபரைத்தான்.

இந்த வழக்கில் என்னை அதிகம் தொந்தரவு செய்த விஷயம் வேறு. போலீஸ் தேடுகிறது என்று கேள்விப்பட்டதும் காட்டன் தானாகவே போலீஸ் நிலையத்துக்குப் போனார். அன்றிரவு எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். சொன்னார். விசாரித்துப் பார்த்தால் அது தவறு. வேறொரு வார இறுதியோடு குழப்பிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், பொய்யன் என்று முத்திரை விழுந்தது. இருவருக்கும் நினைவு பிசகியது. அந்தப் பெண்ணின் பிசகு ஆதாரமானது, இந்த மனிதரின் பிசகு குற்ற உணர்ச்சியின் அடையாளமானது. வெள்ளை இனப் பெண், கறுப்பின இளைஞர், அமெரிக்காவின் தெற்கு மாநிலம் என்ற கணக்கையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். வேற்று இனத்தவரின் முகங்களை அடையாளம் காண்பதில் எல்லோருமே கூடுதலாகத் தடுமாறுகிறோம் என்பது பல ஆய்வுகளில் நிரூபணமானது.

அதே இரவு இன்னொரு பெண்ணும் தாக்கப்பட்டிருந்தார். வரிசையில் அவர் காட்டியது காட்டனை அல்ல, வேறொருவரை. முதல் விசாரணையில் அந்தத் தகவல் ஜூரிகளுக்குப் போகவிடாமல் தடுக்கப்பட்டது. அதனால்தான் மேல்முறையீட்டில் மறுவிசாரணை கிடைத்தது. 1987-ல் அந்தப் பெண்ணும் காட்டன்தான் என்று சொல்லிவிட்டார். ஆள் மாறவில்லை, மூன்று ஆண்டுகள் போயிருந்தன, நினைவு இடம் மாறியிருந்தது.

சிறையில் காட்டனும் பூலும் ஒரே சமையலறையில் வேலை பார்த்தார்கள். ஒருவர் பெயரைச் சொல்லி மற்றவரைக் கூப்பிடும் அளவுக்கு முகச்சாயல். அந்தக் குற்றத்தைச் செய்தது தான்தான் என்று பூல் சக கைதிகளிடம் பேசியதாகவும் காட்டனின் காதுக்கு வந்தது. அதனால்தான் பூல் நீதிமன்றத்துக்கு வரவழைக்கப்பட்டார். ஆனால், பூலைப் பற்றிய விஷயம் ஜூரிகளின் காதுக்குப் போகவே நீதிபதி அனுமதிக்கவில்லை.

———
பெட்டிச் செய்தி: எண்களில்

● அமெரிக்காவில் டி.என்.ஏ. சோதனையால் விடுதலையான முதல் வழக்கு: 1989.
● 1992-ல் பேரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் என்ற இரு வழக்கறிஞர்கள் தொடங்கிய ‘இன்னசன்ஸ் புராஜெக்ட்’ அமைப்பு, 2020 வரையிலான 375 டி.என்.ஏ. விடுதலைகளை ஆராய்ந்தது. அவற்றில் சுமார் 69% வழக்குகளில் கண் சாட்சிகள் ஆளை மாற்றிக் காட்டியிருந்தார்கள்.
● காட்டன் சிறையில் கழித்தது: சுமார் பத்தரை ஆண்டுகள். விடுதலையான நாள்: 1995 ஜூன் 30. மாநில அரசு தந்த இழப்பீடு: ஏறத்தாழ 1,10,000 டாலர்.
———

கேள்வியே நினைவை மாற்றும்

நினைவு என்றால் வீடியோ கேசட் மாதிரி, திரும்ப ஓட்டிப் பார்க்கலாம் என்றுதான் நாம் நம்புகிறோம். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1974-ல் செய்த சோதனை இந்த நம்பிக்கையை உடைத்தது. கார்கள் மோதும் படத்தை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டி, வேகம் என்ன இருக்கும் என்று கேட்டார்கள். சிலரிடம் ‘இடித்தபோது’ என்று கேட்டார்கள், சிலரிடம் ‘நொறுங்க மோதியபோது’ என்று. வலுவான சொல்லைக் கேட்டவர்கள் வேகத்தையும் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, ‘நொறுங்க’ என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

1998-ல் கேரி வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் செய்த சோதனை நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது. ஒருவனை வீடியோவில் காட்டிவிட்டு, அவன் இல்லாத ஒரு படவரிசையைக் கொடுத்தார்கள். ஆக, யாரைக் காட்டினாலும் தவறுதான். காட்டியவர்களில் சிலரிடம் மட்டும், சரியான ஆளைப் பிடித்துவிட்டீர்கள் என்று ஒரு வாக்கியம் சொன்னார்கள். பிறகு விசாரித்தால், அந்த வாக்கியத்தைக் கேட்டவர்கள் தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருந்ததாகவும், முகத்தைத் தெளிவாகப் பார்த்ததாகவும், கூர்ந்து கவனித்ததாகவும் சொன்னார்கள். ஒரு பாராட்டு பின்னோக்கிப் போய், பார்வையையே கூர்மையாக்கிவிட்டது!

———
பெட்டிச் செய்தி: லண்டனில் ஒருவர், இரண்டு முறை

1895 டிசம்பர். லண்டன் விக்டோரியா தெருவில் அடால்ஃப் பெக் என்பவரை ஒரு பெண் மறித்து, என் நகைகளை ஏமாற்றி வாங்கியவர் நீங்கள்தான் என்றார். அடுத்தடுத்துப் பல பெண்கள் வந்து அவரையே காட்டினார்கள். 1877-ல் இதே பாணி மோசடிக்காக ஜான் ஸ்மித் என்பவரைக் கைதுசெய்த போலீஸ்காரரும் வந்து, இவரேதான் அவர் என்று சத்தியம் செய்தார். அந்தக் காலத்தில் நான் தென் அமெரிக்காவில் இருந்தேன் என்ற பெக்கின் வாதம் எடுபடவில்லை. 1896-ல் ஏழாண்டு தண்டனை.

ஜான் ஸ்மித் சுன்னத் செய்யப்பட்டவர், பெக் அப்படியல்ல. 1898-ல் இது அதிகாரிகளுக்குத் தெரிந்தது. பெக்கின் பெயரோடு ஒட்டியிருந்த பழைய குற்றவாளி என்ற அடையாளத்தை மட்டும் நீக்கிவிட்டு, அவரை உள்ளேயே வைத்திருந்தார்கள்! 1901-ல் வெளியே வந்தவரை 1904-ல் மறுபடி வேறு பெண்கள் அடையாளம் காட்டினார்கள். தண்டனை அறிவிக்கக் காத்திருந்த நாட்களில் அசல் ஆள் பிடிபட்டார். பெக்குக்கு 5,000 பவுண்டு கிடைத்தது. இங்கிலாந்துக்கு 1907-ன் சட்டத்தால் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிடைத்தது.
———

முதல் நான்கு பேர் எங்கே போனார்கள்?

அமெரிக்கக் கதை, லண்டன் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் உச்ச நீதிமன்றம் 2019 மார்ச் 5-ல் எழுதிய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. படித்தால் தூக்கம் வராது.

2003 ஜூன். மகாராஷ்டிராவில் வயல்வெளிக் குடிசை ஒன்றில் இரவில் கொள்ளையர்கள் புகுந்து ஐந்து பேரைக் கொன்றார்கள். வன்புணர்வும் நடந்தது. படுகாயத்தோடு பிழைத்தவர்கள் இருவர், ஒரு தாயும் மகனும். வழக்கே அவர்களுடைய கண்களை நம்பித்தான் நின்றது. நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர் கைதானார்கள். 2006-ல் ஆறு பேருக்கும் தூக்கு. 2007-ல் உயர் நீதிமன்றம் மூவருக்கு மட்டும் ஆயுளாகக் குறைத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் தூக்கை மீண்டும் விதித்தது. மறுசீராய்வு மனுவும் தள்ளுபடியானது.

பிறகு, வாய்மொழி வாதத்துக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை என்ற காரணத்தால் 2018-ல் பழைய தீர்ப்பையே திரும்பப் பெற்று, மேல்முறையீட்டைப் புதிதாகக் கேட்டார்கள். அப்போதுதான் கோப்பிலேயே கிடந்த ஒரு தகவலுக்கு உரிய கவனம் கிடைத்தது. சம்பவம் நடந்த இரண்டே நாளில், அந்தத் தாயிடம் பழைய குற்றவாளிகளின் புகைப்பட ஆல்பம் காட்டப்பட்டிருந்தது. அவர் நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரில் ஒருவர்கூட இந்த ஆறு பேரில் இல்லை. அந்த நால்வர் மீது வழக்கும் இல்லை.

நினைவு ஈரமாக இருந்தபோது காட்டிய முகங்கள் கைவிடப்பட்டன. காய்ந்த பிறகு காட்டிய முகங்களுக்குத் தூக்குக் கயிறு. ஆறு பேரும் விடுதலை செய்யப்பட்டார்கள். அதற்குள் 16 ஆண்டுகள் போயிருந்தன. அவர்களில் ஒருவர் சம்பவத்தின்போது சிறுவன் என்பதும் இடையில்தான் தெரியவந்திருந்தது. தவறிழைத்த அதிகாரிகள்மீது நடவடிக்கை வேண்டும், அந்த நான்கு பேரைப் பற்றி மேல்விசாரணை வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆளுக்கு ஐந்து லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 85 ரூபாய் சொச்சம். கட்டட வேலைக்குப் போனாலும் இதைவிடப் பல மடங்கு கூலி கிடைத்திருக்கும்.

சந்தேகம் முதலில் யார் வீட்டு வாசலுக்குப் போகிறது என்பதையும் கேட்காமல் விட முடியாது. பிறப்பாலேயே குற்றப் பரம்பரை என்று சில சமூகங்களுக்கு 1871-ல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். தெற்கே அதைக் கைரேகைச் சட்டம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் கசப்போடு சொல்லக் கேட்டிருக்கலாம். சட்டம் போய்விட்டது. போலீஸ் ஆல்பங்களில் யார் முகம் இருக்கும், யார் முகம் இருக்காது என்ற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

டாக்ஸியில் ஏறியவர் யார்?

2006 ஜூலை 11 மும்பை ரயில் குண்டுவெடிப்பில் 180-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கீழமை நீதிமன்றம் 2015-ல் ஐவருக்குத் தூக்கும் ஏழு பேருக்கு ஆயுளும் விதித்தது. 2025 ஜூலை 21-ல் மும்பை உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுவித்தது. அதில் ஒருவர் 2021-லேயே சிறையில் இறந்திருந்தார். குற்றவாளிகளை ஏற்றிச் சென்றதாகச் சொன்ன டாக்ஸி ஓட்டுநர்கள் உட்பட, சாட்சிகள் நூறு நாட்களுக்கு மேல் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். தினமும் எத்தனையோ பேர் ஏறி இறங்கும் வண்டியில், அந்த முகத்தை மட்டும் நினைவில் வைத்திருக்க என்ன காரணம் என்று நீதிமன்றம் கேட்டது. அடையாள அணிவகுப்பை நடத்தியவருக்கு அதை நடத்தும் அதிகாரமே இல்லை என்றும் சொன்னது. மகாராஷ்டிர அரசின் மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், இந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளில் முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்று நிறுத்திவைத்தது. வெளியே வந்தவர்களைத் திரும்ப உள்ளே அனுப்பவில்லை.

வழக்கு முடியும் விதமாக முடியட்டும். இறந்தவர்களின் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். 19 ஆண்டுகள் ஒரு முகத்தைச் சபித்துக்கொண்டு வாழ்ந்தவர்களுக்கு, அந்த முகம் உறுதியில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். தவறான அடையாளம் உள்ளே போனவரை மட்டும் தண்டிப்பதில்லை. காட்டன் கைதான பிறகும் வெளியே இருந்த பூல், பிடிபடும் வரை வேறு பெண்களைத் தாக்கினான். காட்டன் பிடிபட்டதும் அந்த வழக்கில் தேடுதல் நின்றுபோனதுதான் காரணம்.

முகத்தில் ஏன் துணி?

கைதானவர்களைக் கறுப்புத் துணியால் முகம் மூடி வேனில் ஏற்றுவதை டி.வி.யில் பார்க்கிறோம். அவமானம் வேண்டாம் என்ற கரிசனமா? அது அடையாள அணிவகுப்புக்கான முன்னேற்பாடு. சாட்சி முன்கூட்டியே முகத்தைப் பார்த்துவிட்டால் அணிவகுப்பு நாடகமாகிவிடும். சிறைக்குள், அதே வயது, அதே சாயல் உள்ளவர்களோடு கலந்து நிறுத்தி, மாஜிஸ்திரேட் முன்னிலையில் சாட்சியை அழைத்துக் காட்டச் சொல்வார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் துணி போடுவதற்கு முன்பே போலீஸ் நிலையத்தில் செல்போன் படம் எடுத்தாகிவிடுகிறது. ‘கொலையாளிகள் பிடிபட்டனர்’ என்று அது வாட்ஸ்அப்பில் சாட்சியின் தெருவுக்கே வந்துவிடுகிறது. சிறை வாசலில் சாட்சி தேடப்போவது அந்த வாட்ஸ்அப் முகத்தைத்தான். ஜெனிஃபருக்கு ஆறு படங்களாவது காட்டினார்கள்.

சட்டத்தின் கண்ணில், அணிவகுப்பில் காட்டுவது துணைச் சான்று மட்டுமே. நீதிமன்றத்தில் நேரில் காட்டுவதுதான் அசல் சான்று. முன்பின் தெரியாத ஒருவரை, முன்னதாக அணிவகுப்பு இல்லாமல் நீதிமன்றத்தில் முதல்முறையாக அடையாளம் காட்டினால் அதற்கு மதிப்பில்லை என்று 1979-ல் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு வந்த தீர்ப்புகளில், சாட்சி நம்பகமானவர் என்றால் அணிவகுப்பு இல்லாததே ஒரு குறையாகிவிடாது என்ற போக்கும் வளர்ந்தது.

நம்பகமானவர் என்றால் என்ன? 1955-ல் முத்துப்பேட்டைத் தேநீர்க் கடையில் நடந்த ஒரு கொலை. பார்த்த சாட்சி ஒருவர் மட்டுமே. 1957-ல் உச்ச நீதிமன்றம், சாட்சிகளை எண்ணாதே, எடைபோடு என்ற பொருளில் தந்த வடிவேலுத் தேவர் வழக்கின் தீர்ப்பு இன்றும் தினமும் எடுத்தாளப்படுகிறது. தராசு சரி. அதில் பெரும்பாலும் நிறுக்கப்படுவது நேர்மை. குறுக்கு விசாரணையும் பொய்யைப் பிடிப்பதற்கென்றே செய்த கருவி. ஜெனிஃபரை எத்தனை நாள் குறுக்கு விசாரணை செய்திருந்தாலும் ஒரு பொய்கூடச் சிக்கியிருக்காது.

கோவலன் இன்னும் வரவில்லையே என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். மதுரையிலும் நடந்தது அடையாளப் பிழைதான். அங்கே முகத்துக்குப் பதில் சிலம்பு. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்கும் சோதனை கொலைக்கு முன்பே அரண்மனையின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. காட்டன் வழக்கிலும், இரண்டு பெண்களில் ஒருவரிடம் எடுத்த டி.என்.ஏ. சோதனைக்கான மாதிரி கெட்டுப்போயிருக்க, மற்றவருடையதை விசாரணை அதிகாரி பத்திரமாக வைத்திருந்ததால் காட்டன் பிழைத்தார். நம் ஊரில் வழக்குச் சொத்து அறைகளை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்தாண்டு கழித்து எது எலிக்கு, எது ஈரத்துக்கு என்று.

———
பெட்டிச் செய்தி: செலவில்லாத சீர்திருத்தங்கள்

● சந்தேக நபர் யார் என்று தெரியாத அதிகாரியே படங்களைக் காட்ட வேண்டும். அவர் கண்ணசைவில்கூடத் துப்புப் போகாது.
● ‘அவன் இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்’ என்று சாட்சியிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.
● காட்டிய நொடியில், எவ்வளவு உறுதி என்பதைச் சாட்சியின் சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பாராட்டு கூடாது.
● முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும்.

வட கரோலினா 2007-ல் இதற்கெனத் தனிச் சட்டமே போட்டது. இங்கிலாந்தில் 1976-ன் டர்ன்புல் வழக்குக்குப் பிறகு, உறுதியாகப் பேசும் சாட்சியும் தவறலாம் என்று நீதிபதி ஜூரிகளை எச்சரித்தாக வேண்டும்.
———

ஈடு என்று ஒன்று உண்டா?

பொய்யாக வழக்கில் சிக்கியவர்களுக்குச் சட்டப்படி இழப்பீடும், அதற்கெனத் தனி நீதிமன்றங்களும் வேண்டும் என்று நம் சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் தன் 277-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதன்பின் பழைய குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாற்றப்பட்டு, 2024 ஜூலை 1-ல் புதியவை அமலுக்கு வந்தன. அந்தப் பரிந்துரை அவற்றில் இடம்பெறவில்லை. விடுதலையானவர் இன்றும் தனியாக வழக்குப் போட்டு, நீதிமன்றத்தின் மனசைப் பொறுத்துப் பெற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

டி.என்.ஏ. முடிவு வந்த பிறகும் ஜெனிஃபரின் கெட்ட கனவில் வந்தது காட்டனின் முகம்தான். பூலின் முகம் வரவேயில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1997-ல், ஒரு தேவாலயத்தில் காட்டனைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். காட்டன் எப்போதோ மன்னித்திருந்தார். பிறகு இருவரும் சேர்ந்து ஊர் ஊராகப் போய், அடையாளம் காட்டும் முறையை மாற்றச் சொல்லிப் பேசினார்கள்.

இந்த வாரம் ஏதாவது ஒரு செசன்ஸ் கோர்ட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். சம்பவம் நடந்து நாலைந்து ஆண்டு ஆன வழக்காக இருக்கும். சாட்சி ஏறுவார். சம்பவத்தன்று பார்த்த நபர் இங்கே இருக்கிறாரா என்று அரசு வழக்கறிஞர் கேட்பார். சாட்சி அறையைச் சுற்றிப் பார்ப்பார். கறுப்புக் கோட்டில் சிலர், காக்கியில் சிலர், மேஜையில் கட்டுக்கட்டாகக் காகிதம். ஓரத்தில், கூண்டுக்குள், போலீஸ்காரர் பக்கத்தில், கைகட்டி ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருப்பார்.